உடைந்த அணையின் ஊரிலிருந்து ஒரு நாள் பயணம்



வட சிலாங்கூரில், கோலகுபு பாரு பட்டணத்தை அடுத்து அம்பாங் பெச்சா என்று ஓர் ஊர் இருக்கிறது. மலாய் மொழியில் அம்பாங் என்றால் அணை. பெச்சா என்றால் உடைந்தது. உடைந்த அணை என்பதே அந்த ஊரின் பெயர். அந்த வழியாக நாம் எத்தனையோ முறை பேருந்தில் போயிருப்போம். எந்த அணை, எப்போது உடைந்தது, உடைந்தபின் அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

சென்ற டுரியான் காலத்துப் பள்ளி விடுமுறையில், தோட்டப் பள்ளியில் ஆசிரியர்களாக இருக்கும் கணவனும் மனைவியுமான நாங்கள், சாரணர் படையின் கூடாரம் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போய், அந்த ஊருக்கு மேலே ஆற்றோரத்தில் இரண்டு இரவு தங்கினோம். இடையில் இருந்த ஒரு பகல் முழுவதும் அந்த வட்டாரத்தைச் சுற்றிப் பார்த்தோம். அன்று கண்டதையும், அதன் பின்னால் இருக்கும் வரலாற்றையும் இன்று உங்கள் முன் வைக்கிறோம். கேட்டு முடிந்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு இதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

காலையில் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, முதலில் அம்பாங் பெச்சாவுக்கு இறங்கினோம். ஆங்கிலேயர் ஆட்சி சிலாங்கூருக்கு வருவதற்கு முன்பே இந்தப் பக்கத்தில் ஈயம் தோண்டும் தொழில் நடந்தது. ஈயமண்ணை அலசத் தண்ணீர் வேண்டும்; தண்ணீரைத் தேக்க அணை வேண்டும். அப்படி இருந்த பழைய மண் அணை 1883ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி உடைந்தது. வெள்ளம் பழைய கோலகுபு பட்டணத்தின் மேல் பாய்ந்தது. வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன; பலர் மாண்டனர். அந்த வட்டாரத்தின் அதிகாரியாக இருந்த சிசில் ரேங்கிங் என்ற ஆங்கிலேயரும் அந்த வெள்ளத்தில் இறந்தார். அணையைக் காத்துவந்த ஒரு வெள்ளை முதலையை அவர் சுட்டுவிட்டார், அதனால்தான் அணை உடைந்தது என்று ஒரு கதையை அங்குள்ளவர்கள் இன்றும் சொல்கிறார்கள். முதலையின் கதை எப்படியிருந்தாலும், அந்தக் கதையால்தான் அணை உடைந்த செய்தி தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

வெள்ளம் வடிந்தபின் மக்கள் திரும்பி வந்து பட்டணத்தை மறுபடியும் கட்டினார்கள். ஆனால் ஆறு அவர்களை விடவில்லை. மலைப்பக்கத்தில் ஈயம் அலசிய மணலும் சேறும் ஆற்றில் வந்து படிந்துகொண்டே இருந்தன. ஆற்றின் படுகை உயர உயர, பட்டணம் தாழ்ந்துபோயிற்று. மழை பெய்தால் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திலும் பட்டணம் பெரும் அடி வாங்கியது. இனி இங்கே இருக்க முடியாது என்று தெளிவானபோது, மேட்டு நிலத்தில் புதிய பட்டணம் அமைப்பதென்று அரசாங்கம் முடிவு செய்தது. அக்காலத்தில் மலாயாவின் நகர அமைப்பு அதிகாரியாக இருந்த சார்ல்ஸ் ரீட் பூங்கா நகரம் என்ற முறையில் திட்டம் வரைந்தார். கடைகள் ஒரு பக்கம், அலுவலகங்கள் ஒரு பக்கம், வீடுகள் ஒரு பக்கம், நடுவில் திறந்த பசுமையான நிலம். இதுவே இன்றைய கோலகுபு பாரு. பாரு என்றால் புதியது. பழைய பட்டணத்தின் இடம் அம்பாங் பெச்சா ஆயிற்று.

கோலகுபு பாருவின் ஐந்தடிப் பாதையில் நடந்தபோது எங்களுக்குத் தோன்றியது இதுதான். ஊர் பெயர்ந்தபோது பட்டணத்துக்காரர்களுக்கு ஒரு வரைபடமும், திட்டமிட்ட தெருக்களும், போய்ச் சேர ஓர் இடமும் இருந்தன. ஊர் பெயர்கின்ற எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. அதை அன்று மதியமே கண்டோம்.

பட்டணத்திலிருந்து கிழக்கே மலையேறும் சாலை, கேப் என்ற கணவாய் வழியாகப் பகாங் மாநிலத்தின் ரவுப் பட்டணத்துக்குப் போகிறது. 1922ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிரேசர் மலைக்கும் இதுவே வழி. அவசரகாலத்தில், 1951ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி, பிரிட்டிஷ் தூதராணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டதும் இந்தச் சாலையில்தான். அந்தச் சாலையில் சிறிது தூரம் ஏறியதும் இடப்பக்கமோ வலப்பக்கமோ பார்க்கத் தோன்றாதபடி, ஒரு பெரிய நீர்ப்பரப்பு கண்ணில் விரிந்தது. அதுதான் சிலாங்கூர் ஆற்று அணைக்கட்டின் ஏரி. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாயைத் திருகினால் வரும் தண்ணீரில் ஒரு பங்கு இந்த ஆற்றுத் தண்ணீர்தான்.

ஏரி அழகாக இருந்தது. சுற்றுலா வந்தவர்கள் பலர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த அணைக்காக இரண்டு ஊர்கள் இடம் பெயர்ந்தன என்பதை அங்கு வருபவர்களில் பலர் அறியமாட்டார்கள். கெராச்சி, பெர்த்தாக் என்பன அந்த ஊர்கள். இரண்டும் தெமுவான் மக்களின் ஊர்கள்.

தெமுவான் மக்கள் யார்? தீபகற்ப மலேசியாவின் பூர்வக்குடிகளான ஓராங் அஸ்லி மக்களில் 18 பிரிவினர் உண்டு. எல்லாரையும் சேர்த்தாலும் ஏறக்குறைய 2 லட்சம் பேர்தான். அவர்களில் ஒரு பிரிவினரான தெமுவான்கள் சிலாங்கூர், நெகிரி செம்பிலான், மலாக்கா, பகாங் பகுதிகளில் வாழ்கிறார்கள். அவர்கள் மொழி மலாய்க்கு நெருங்கியது. ஊர்த் தலைவரைப் பாத்தின் என்பர். காட்டில் பிரம்பும் தேனும் பெத்தாயும் எடுப்பார்கள், நிலத்தில் பயிரிடுவார்கள், தாத்தா நட்ட டுரியான் மரத்தைப் பேரன் காப்பான். அவர்களுக்கு அந்த மரங்கள்தாம் பட்டா, அந்த மரங்கள்தாம் குடும்ப வரலாறு. சேவாங் என்ற இரவுச் சடங்கில் பாடியும் மூங்கிலைத் தட்டியும் முன்னோரையும் காட்டின் ஆவிகளையும் அழைப்பார்கள்.

சாலையோரத்தில் ஒரு மூதாட்டி நாலைந்து டுரியான் பழங்களையும் சில கொத்துப் பெத்தாயையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நெனேக், என்ன விலை?" என்று மலாயில் கேட்டுப் பேச்சைத் தொடங்கினோம். பழம் எங்கே விழுந்தது என்று கேட்டதற்கு, மேட்டுச் சரிவைக் காட்டி, அங்கே நிற்பது பாட்டி நட்ட மரம் என்றார். வேறு மரங்கள் இல்லையா என்றோம். ஏரியின் பக்கம் முகத்தைத் திருப்பி, "அவையெல்லாம் தண்ணீருக்குள்" என்றார். சொல்லிவிட்டுப் பழத்தை நிறுக்க ஆரம்பித்தார். புதிய ஊரில் செங்கல் வீடு கிடைத்ததா என்று கேட்டோம். "வீடு நல்ல வீடு" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்று கையை அசைத்தார். கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டோம். அப்போது எங்கள் இருவருக்குமே பழைய நினைவு ஒன்று வந்தது. நாங்கள் தோட்டத்தில் பிள்ளைகளாக இருந்த காலத்தில், பெரிய சாலையில் போகும் கார் எப்போதாவது ஒன்று நிற்கும். வெளியூர்க்காரர்கள் இறங்கி, பால் வாளியும் காண்டாவுமாக வரும் நம் தாய்மார்களைப் படம் பிடிப்பார்கள். கேட்டுப் பிடித்தவர் யாரும் எங்கள் நினைவில் இல்லை. தாய்மார்கள் தலைத்துண்டை இழுத்து முகத்தை மறைப்பார்கள். அந்தப் படங்கள் எந்த நாட்டில் யார் வீட்டில் இருக்கின்றனவோ! லயத்தில் இருந்த நம்மிடம் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தோட்டங்களில் இந்தக் காட்டு மக்களை நம் பெரியவர்கள் சக்காய் என்று அழைத்தார்கள். அது அவர்களைத் தாழ்த்தும் சொல். நம்மைக் கெலிங் என்று அழைத்தபோது நமக்கு எப்படி வலித்ததோ, அப்படியே அவர்களுக்கும் வலித்திருக்கும். அவசரகாலத்தில் நம் லயங்களை ஒன்றாகக் கூட்டி முள்வேலி போட்டார்கள். அதே காலத்தில் அவர்களையும் காட்டிலிருந்து இறக்கி முகாம்களில் அடைத்தார்கள். நோயால் பலர் இறந்தார்கள். அடுத்தடுத்து நின்ற இரண்டு வேலிகளுக்குள் இரண்டு கூட்டத்தார் இருந்திருக்கிறோம். ஒருவரை ஒருவர் அறியாமலே காலம் போய்விட்டது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஓராங் அஸ்லி மக்களுக்கென்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அவர்கள் இருக்கும் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டால், அவர்கள் வைத்த பழ மரத்துக்கும் ரப்பர் மரத்துக்கும் இழப்பீடு கொடுத்தாக வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நிலத்துக்கு? அதை மாநில அரசாங்கம் விரும்பினால் கொடுக்கலாம். அதாவது மரத்துக்கு விலை உண்டு; மரம் வேரூன்றிய மண்ணுக்கு விலை நிச்சயமில்லை.

இதை எதிர்த்து நின்றவர்களும் நம் சிலாங்கூர் தெமுவான் மக்களே. டிங்கில் வட்டாரத்தில் புக்கிட் தம்போய் என்ற ஊரில், விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக 1995ஆம் ஆண்டு 38 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. மரத்துக்கும் வீட்டுக்கும் பணம் கொடுத்தார்கள், மண்ணுக்கு இல்லை. சாகோங் பின் தாசி என்பவரும் உடனிருந்த சிலரும் நீதிமன்றம் போனார்கள். 2002ஆம் ஆண்டு ஷா ஆலம் உயர்நீதிமன்றம், வழிவழியாக வாழ்ந்த நிலம் அவர்களுக்கே உரியது, அதற்கும் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2005ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2010ஆம் ஆண்டு வழக்கு சமரசமாக முடிந்தது. நிலம் எடுத்த நாளிலிருந்து எண்ணினால் 15 ஆண்டுகள். எழுத்தறிவு குறைந்தவர்கள் என்று பலரும் எண்ணிய மக்கள் 15 ஆண்டுகள் விடாமல் நின்றார்கள்.

மாலையில் கூடாரத்துக்குத் திரும்பி, டுரியானைப் பிளந்து வைத்துக்கொண்டு, நாங்கள் பேசிக்கொண்டிருந்தது உலகின் மறு மூலையில் உள்ள ஒரு கூட்டத்தாரைப் பற்றி. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில் அவர்களைப் பற்றி ஒரு நூலில் வாசித்திருந்தோம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில், லேங்காஸ்டர் என்ற வட்டாரத்தில் ஆமிஷ் என்று ஒரு கிறிஸ்துவப் பிரிவினர் வாழ்கிறார்கள். 1693ஆம் ஆண்டு, ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில், யாக்கோப் அம்மான் என்பவர் வழியில் பிரிந்து வந்தவர்கள். அங்கே துன்புறுத்தப்பட்டதால் 18ஆம் நூற்றாண்டில் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனார்கள். இன்றும் குதிரை வண்டியில் போகிறார்கள். ஒரே மாதிரி எளிய உடை உடுத்துகிறார்கள். வீட்டில் ஜெர்மன் வழிப் பேச்சு மொழியையே பேசுகிறார்கள். பொது மின்கம்பியை வீட்டுக்கு இழுப்பதில்லை. சுற்றுலாப் பயணிகள் ஆண்டுதோறும் பெருந்திரளாகக் கார்களில் வந்து அவர்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். முகம் தெரியப் படம் எடுப்பது அவர்களுக்கும் பிடிக்காது.

அவர்கள் புதுமைக்கு முழுப் பகைவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்தது ஒரு சபை. ஒரு புதிய பொருள் வந்தால், இது குடும்பத்தைச் சேர்க்குமா பிரிக்குமா என்று சபை கூடிப் பேசி முடிவெடுக்கும். வீட்டுக்குள் தொலைபேசி வேண்டாம் என்றார்கள். ஆனால் அவசரத்துக்குப் பேச, வயலோரத்தில் ஒரு சிறு கொட்டகையில் பொதுவாக ஒன்று வைத்துக்கொண்டார்கள். பால் வாங்குபவர்கள் குளிர்த்தொட்டி கட்டாயம் என்றபோது, டீசல் இயந்திரத்தால் அதை ஓட்டினார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள்.

பிள்ளைகளை 8ஆம் வகுப்போடு நிறுத்திவிடுவதும் அவர்கள் வழக்கம். அதற்காக விஸ்கான்சின் மாநிலத்தில் தந்தையர் மூவருக்கு ஆளுக்கு 5 டாலர் அபராதம் விதித்தார்கள். வழக்கு அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை போய், 1972ஆம் ஆண்டு அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. ஆசிரியர்களான எங்களுக்கு இதில் உடன்பாடு இல்லை. தோட்டத்துப் பிள்ளை எட்டோடு நின்றால் என்ன ஆகும் என்பதை நாங்கள் நேரில் பார்த்தவர்கள். அவர்களிடம் நாம் கற்க வேண்டியது வேறொன்று.

அமெரிக்காவில் ஆமிஷ் மக்கள் 3 லட்சத்துக்கும் மேல் பெருகியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பிறந்த ஐரோப்பாவில் இன்று ஒரு சபைகூட இல்லை. கடைசிச் சபை 1937ஆம் ஆண்டு வேறொரு பிரிவோடு கலந்து மறைந்தது. இரண்டு இடத்திலும் வேதம் ஒன்று, வழக்கம் ஒன்று. அப்படியிருக்க ஒரு பக்கம் தழைத்து, ஒரு பக்கம் அழிந்தது ஏன்? அறிஞர்கள் கூறும் முக்கியக் காரணம் நிலம். ஐரோப்பாவில் அவர்களுக்கு நிலம் வாங்க உரிமை பெரும்பாலும் இல்லை. பிரபுக்களின் பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறி வாழ்ந்தார்கள். அமெரிக்காவில் பக்கத்துப் பக்கத்து நிலங்களை வாங்கிச் சேர்ந்து வாழ்ந்தார்கள். லேங்காஸ்டரில் நிலத்தின் விலை ஏறியபோது, சில குடும்பங்களாகச் சேர்ந்து வேறு மாநிலத்தில் மலிவான நிலம் வாங்கிப் புதிய ஊர் அமைத்தார்கள்.

நேயர்களே, இந்த இடத்தில் நம் கதையை நினைத்துப் பாருங்கள். கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோரைக் கொண்டுவந்து தோட்டங்களில் இறக்கினார்கள். 1938ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை அது நடந்தது. லயம் கொடுத்தார்கள். தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லியது. கோயில் கட்டிக்கொண்டோம், தீமிதித்தோம், சுடுகாடு வைத்துக்கொண்டோம், முருங்கையும் தென்னையும் நட்டோம். பிள்ளைகளின் தொப்புள்கொடி அங்கேதான் புதைந்தது. ஆனால் லயமும் அந்த மண்ணும் கம்பெனிக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். ஐரோப்பாவின் ஆமிஷ் மக்களைப்போல, பிறர் நிலத்தில் நம் வாழ்வை நட்டுவைத்தோம்.

1950ஆம் ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கவும், வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போடவும் தொடங்கியபோது இந்த உண்மை சுட்டது. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் 1961ஆம் ஆண்டு கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பால்வெட்டுக்காரரின் சம்பளத்திலிருந்து ஒரு தோட்டம் வாங்க முடிந்தது என்பதை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தைப்போலப் படிக்க வேண்டும். ஆனாலும் பெரும்பாலான தோட்டங்கள் நம் கைக்கு வரவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. நாங்கள் பிறந்த லயம் இருந்த இடத்தில் இன்று சாலை போகிறது. அம்மா நட்ட முருங்கைக்கு இழப்பீடு கேட்கவும் நமக்கென்று ஒரு சட்டம் இல்லை.

நாட்டில் இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, பள்ளி நிற்கும் நிலம் அரசாங்கத்துக்கோ பள்ளிக்கோ சொந்தமில்லாத காரணத்தால், பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருக்கின்றன. நிலத்தின் கேள்வி நம் பிள்ளைகளின் கரும்பலகை வரை வந்து நிற்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அந்த இரவு ஆற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தோம். பள்ளி திறந்ததும் 5ஆம் வகுப்பு, 6ஆம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரவேண்டும்: எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், லயத்தில் யார் யார் அடுத்த வீடு, கோயில் எங்கே இருந்தது, என்ன மரம் நட்டார்கள், எந்த ஆண்டு கிளம்பினார்கள். முதலில் வந்தவை அரைப்பக்கம், கால்பக்கம்தான். பிறகு ஒரு மாணவி ஆறு பக்கம் எழுதி வந்தாள். அவள் பாட்டி லயத்தின் படத்தையே வரைந்து கொடுத்திருந்தார். வாசலில் நின்ற மாமரத்துக்குக்கூடப் பெயர் எழுதியிருந்தார்.

தெமுவான் மக்கள் நீதிமன்றத்தில் வென்றதற்கு ஒரு காரணம், யார் எந்த நிலத்தில் எத்தனை தலைமுறையாக இருந்தார்கள் என்பதைச் சாட்சியோடு சொல்ல முடிந்ததே. நம் வீடுகளிலும் அந்தச் சாட்சிகள் இருக்கிறார்கள். எழுபதும் எண்பதும் கடந்த அவர்கள் இன்னும் எத்தனை நாள் நம்மோடு இருப்பார்கள்? ஆகவே நேயர்களே, இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பழைய சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், கோயில் இரசீது எதுவாக இருந்தாலும் எறியாமல் வையுங்கள். கையில் நாலு காசு சேர்ந்தால், காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால், ஒரு துண்டு நிலத்துக்கோ சொந்த வீட்டுக்கோ வழி பாருங்கள். தனியாக முடியாவிட்டால் நாலு குடும்பமாகச் சேர்ந்து பாருங்கள்.

கோலகுபு பாரு பக்கம் போகும்போது, சாலையோரத்தில் டுரியான் விற்கும் அந்த மக்களைக் கண்டால், காரை நிறுத்தி இரண்டு பழம் வாங்குங்கள். யார் நட்ட மரம் என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.